சேமிக்கப்பட்டது என்று திரை சொன்னது

ஒரு வரி அறிக்கை

“எனக்கு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க பார்வதி. பதிவு இல்லைன்னு. அது போதும்.”

எங்கள் ஐடி பிரிவின் மேலாளர் என்சிக் ஃபௌசி ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் மேசைக்கு வந்து நின்றுகொண்டே இப்படிக் கேட்டார். என்சிக் என்றால் மலாயில் ஐயா. அவர் என்னிடம் மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மலேசியாவில், ஈப்போ நகரின் ஒரு தனியார் மருத்துவமனையில் டேட்டாபேஸ் நிர்வாகியாக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். அது என்ன வேலை என்று என் அண்ணன் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நோயாளியின் பெயரிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவு வரை எல்லாமே அட்டவணை அட்டவணையாக ஓரிடத்தில் இருக்கின்றன. கேட்டால் உடனே கிடைக்க வேண்டும். பார்க்கக் கூடாதவர்கள் பார்க்கக் கூடாது. எழுதியது காணாமல் போகக் கூடாது. இந்த மூன்றையும் காப்பாற்றத்தான் எனக்குச் சம்பளம். இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் அனுபவம் சொல்லுங்கள் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஒரு சம்பவம்தான் முதலில் ஞாபகம் வரும்.

நடந்தது இதுதான். அதற்கு முந்தைய வாரம், காம்பாரில் உணவகம் நடத்தும் காதர் மைதீன் என்பவர் காலில் புண் சீழ் பிடித்து, காய்ச்சலோடு எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். கீழே பதிவு கவுண்டரில் இருந்த தாதி திலகா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டிருக்கிறாள். பெனிசிலின் ஆகாது என்று அவர் சொல்லியிருக்கிறார். பிறகு மேலே வார்டில் படுக்கை கொடுத்தார்கள். வார்டில் கணினியைத் திறந்து பார்த்தபோது ‘ஒவ்வாமை எதுவும் இல்லை’ என்று காட்டியது. ஒவ்வாமை இருந்தால் கைப்பட்டை சிவப்பில் அச்சாகும். இவருக்கு வெள்ளைப் பட்டை வந்தது. மருத்துவரும் திரையைப் பார்த்துவிட்டு, பெனிசிலின் வகை ஊசி ஒன்றைப் போடச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் முகம் வீங்கி, மூச்சு அடைத்துவிட்டது. வார்டில் இருந்தவர்கள் சுறுசுறுப்பானவர்கள். மாற்று ஊசி போட்டு, உயிரைப் பிடித்து நிறுத்தி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். நினைவு திரும்பியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “நான் கீழயே அந்த மிஸ்ஸிகிட்ட சொன்னேனே” என்பதுதான். தாதியை இங்கே மிஸ்ஸி என்பார்கள்.

திலகாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் தட்டினேன், சேமித்தேன் என்றாள். டேட்டாபேஸில் அப்படி எந்தப் பதிவும் இல்லை. நோயாளி சொல்லியிருக்கிறார், பதிவு இல்லை. ஆகவே தாதி தட்டவில்லை. கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. அவளை விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். வேலை போவது மட்டுமல்ல, தாதியர் உரிமமே போய்விடும் என்று பேச்சு அடிபட்டது. அந்த விசாரணைக்குத்தான் என்னுடைய ஒரு வரி தேவைப்பட்டது.

பதிவு இல்லை என்பது உண்மை. நானே தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் பதிவு இல்லை என்பதும் அவள் தட்டவில்லை என்பதும் ஒன்றல்ல.

“கொஞ்சம் டைம் கொடுங்க என்சிக்” என்றேன்.

“எர்ரர் லாக் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். காலியா இருக்கு.”

“அப்புறம் என்ன? கவுண்டர்ல அந்தப் புதுத் திரை வந்ததிலிருந்தே லாக் காலியாத்தான் இருக்கு. ஒரு பிரச்சினையும் இல்லை.”

அவர் பெருமைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினார். கூட்டங்களில் அந்தக் காலி லாக்கைக் காட்டித்தான் எங்கள் பிரிவுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருந்தார். பிழை வந்தால் தானாகக் குறித்து வைக்கும் பட்டியல் அது, நிரல் எழுதுபவர்கள் பார்த்துக்கொள்ளும் லாக். நான் அதைத் திறந்ததே அன்றைக்குத்தான். இத்தனை பேர் நாளெல்லாம் தட்டிக்கொண்டிருக்கும் ஒரு திரையில் ஒரு பிழைகூட வரவில்லை என்றால் அது எனக்கு இடித்தது. அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கவுண்டரில் ஒரு காலை

மறுநாள் காலை பதிவு கவுண்டரில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் அறை மூன்றாவது மாடியில். கீழே இருப்பவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை அங்கிருந்து பார்க்க முடியாது.

அங்கே இருந்த தாதிகள் எல்லாருமே ஒரே லாகினில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். காலையில் முதலில் வருபவர் திறந்துவிட்டால் மாலை வரைக்கும் அதே லாகின்தான். பாஸ்வேர்டு கீபோர்டின் அடியில் ஒட்டியிருந்தது.

“ஆளுக்கு ஒரு லாகின் கொடுத்திருக்கோமே?” என்றேன்.

“இருக்குக்கா. ஒவ்வொரு தடவையும் வெளிய வந்து உள்ள போறதுக்குள்ள எவ்ளோ நேரம் எடுக்குது தெரியுமா? முன்னால பேஷண்ட் வாந்தி எடுத்துக்கிட்டு நிக்கிறாங்க. யாரு காத்திருக்கறது?”

அந்தத் தாதி சொன்னதில் நியாயம் இருந்தது. உள்ளே போக நானே முயன்று பார்த்தேன். திரை யோசித்து யோசித்துத் திறந்தது. பாதுகாப்புக்காக நாங்கள் வைத்த பூட்டு மெதுவாக இருந்ததால், அவர்கள் கதவைத் திறந்தே போட்டுவிட்டார்கள். இதனால் ஒரு விபரீதமும் இருந்தது. யார் எதைத் தட்டினார்கள் என்று டேட்டாபேஸைக் கேட்டால், நாள் முழுக்க அந்த ஒரே லாகின் பெயரைத்தான் சொல்லும். திலகா அன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்தாள் என்பதைக்கூட அதனால் சொல்ல முடியாது.

பத்து மணியைத் தாண்டியதும் திரை இன்னும் மந்தமாகிவிட்டது. சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“மெஷின் பசியாறப் போயிருச்சுக்கா. தினம் இப்படித்தான்” என்று ஒரு தாதி சிரித்தாள்.

நான் மடிக்கணினியில் என்ன ஓடுகிறது என்று பார்த்தேன். காப்பீட்டுப் பிரிவின் தொகுப்பு வேலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் விடிவதற்கு முன்பே சட்டென்று முடிந்துவிடும் வேலை அது. அவர்கள் கேட்டுக்கொண்டதால் பகலுக்கு மாற்றியிருந்தார்கள். நோயாளிகள் கூடக் கூட, சட்டென்று தேட உதவும் இன்டெக்ஸ் இல்லாமல் அது நீண்டுகொண்டே போயிருந்தது. அந்த வேலை ஒவ்வொரு நோயாளியின் வரியிலும் ஓர் அடையாளம் போடும். எல்லாருக்கும் போட்டு முடித்த பிறகுதான் கையை எடுக்கும். அதுவரை அந்த வரிகளை வேறு யாரும் திருத்த முடியாது, காத்திருக்க வேண்டும். இதைத்தான் லாக் பிடித்திருக்கிறது என்போம். பிழைகளைக் குறித்து வைக்கும் லாக் வேறு, இந்தப் பூட்டு வேறு.

ஆனால் அன்றைக்கு நான் பார்த்த வரையில் ஒவ்வொரு பதிவும் தாமதமாகவாவது சேர்ந்துவிட்டது. கடைசியில் பச்சை டிக் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் பதிவும் இருந்தது. மந்தம் என்று தெரிந்ததே தவிர, திலகாவுக்கு உதவுகிற மாதிரி எதுவும் என் கையில் கிடைக்கவில்லை.

சுங்கை சிப்புட்

அன்று மதியம் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். திலகாவின் வீடு பழைய ரப்பர் தோட்டம் ஒன்றில் எழுந்த தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருக்கிறது. ஒரு கடையில் வழி கேட்டபோது, “பழைய பால் கொட்டாய்க்கு எதிர் வரிசை” என்றார்கள். ரப்பர் பாலை நிறுக்கும் கொட்டகை இருந்த அந்த இடத்தில் இப்போது டயர் கடை இருக்கிறது.

திலகா கதவைப் பாதி திறந்து நின்றாள். “ஆஸ்பத்திரியில இருந்து அனுப்புனாங்களாக்கா?”

“இல்லம்மா. நானாத்தான் வாரேன்.”

உள்ளே கூப்பிட்டு காப்பி கலந்து கொடுத்தாள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரவில்லை. கணவர் லாரி ஓட்டிக்கொண்டு ஜோகூர் பக்கம் போயிருந்தார். அவருக்கு இன்னும் முழு விவரம் சொல்லவில்லை என்றாள்.

“வேலை இடத்து வாட்சாப் குழுவுலருந்து எடுத்துட்டாங்கக்கா. ஒருத்தரும் போன் பண்ணல. பயம் லா அவங்களுக்கும்.”

“அன்னிக்கு என்ன நடந்துச்சு, மொதல்லருந்து சொல்லு.”

“நான் கேட்டேன். அவர் பெனிசிலின்னு சொன்னாரு. நான் திருப்பிக் கேட்டேன், பெனிசிலின்தானேன்னு. ஆமாம்னாரு. தட்டுனேன். சேவ் அமுக்குனேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் எத்தனை பேரு கேட்டுட்டாங்க இதையே. எனக்கே சந்தேகமா போச்சுக்கா. தட்டுனேனா, தட்டுனதா நெனச்சுக்கிட்டேனான்னு. ராத்திரியெல்லாம் அந்த ஸ்கிரீன்தான் கண்ணுல வருது.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் காப்பியைக் குடித்துவிட்டு, “சேவ் அமுக்குன உடனே டிக் வந்துச்சா?” என்று கேட்டேன்.

“எங்க வந்துச்சு? சுத்திக்கிட்டே இருந்துச்சு. அவர் கால்ல கட்டு நனைஞ்சு ரத்தம் ஒழுகுது. நான் எழும்பிப் போயி பஞ்சு வெச்சுக் கட்டிட்டு வந்தேன். வந்து பாத்தப்பதான் பச்சை டிக் இருந்துச்சு.”

“எழும்பிப் போயிக் கட்டிட்டு வர்ற அளவுக்கா சுத்திச்சு?”

“ஆமாக்கா. ஏன்?”

எங்கள் டேட்டாபேஸில் ஒரு வேலை அந்தப் பூட்டு விலகும்வரை எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் டேட்டாபேஸ் கைவிரித்துவிடும், டைம்அவுட் என்று பிழை கொடுக்கும். காலை நான் பார்த்ததெல்லாம் வரம்புக்குள் முடிந்துவிட்டவை. திலகா சொன்னது வரம்பைத் தாண்டிய காத்திருப்பு. அப்படியென்றால் அவள் பார்த்திருக்க வேண்டியது பிழைச் செய்தியை. அவள் பார்த்ததோ பச்சை டிக்கை.

டெஸ்ட் சர்வர்

பதிவு கவுண்டர் திரையின் நிரலை எழுதியவர் வெய் கியோங். முப்பது வயதைத் தாண்டியவர், கவனமான ஆள். என்னை மலாய் வழக்கப்படி ‘காக்’ என்று கூப்பிடுவார், அக்கா என்று அர்த்தம். மறுநாள் காலை அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“எர்ரர் வந்தா லாக்ல விழுந்திருக்கணும் காக். அதை நானே எழுதினேன் லா.”

“டெஸ்ட் சர்வர்ல போட்டுப் பாக்கலாம்.”

டெஸ்ட் சர்வர் என்பது நாங்கள் பரிசோதனைக்காக வைத்திருக்கும் நகல். அதில் காப்பீட்டு வேலையை ஓடவிட்டோம். அது பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, இன்னொரு கணினியில் ஒரு பொய் நோயாளிக்குப் பெனிசிலின் ஒவ்வாமை என்று தட்டி, சேவ் அழுத்தினேன். வட்டம் சுற்றியது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சுற்றிச் சுற்றி நின்றது. பச்சை டிக் வந்தது.

நான் அட்டவணையைத் திறந்து பார்த்தேன். பதிவு இல்லை.

வெய் கியோங் எர்ரர் லாக்கைத் திறந்தார். அதுவும் காலி.

அவர் நிரலைத் திறந்து வரி வரியாகப் படித்தார். ஓரிடத்தில் நின்றுவிட்டார். அந்த வரியை எனக்குச் சுட்டிக் காட்டினார்.

விஷயத்தை எளிமையாகச் சொல்கிறேன். டேட்டாபேஸில் ஒரு வேலை பாதியில் தோற்றால், அதுவரை எழுதிய எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிட வேண்டும். இதற்கு ரோல்பேக் என்று பெயர். அரைகுறைப் பதிவு நிற்கக் கூடாது என்பதற்காக இருக்கும் நல்ல ஏற்பாடு. வெய் கியோங் பிழை வந்தவுடன் அதை லாக்கில் எழுதினார். எழுதிய பிறகு ரோல்பேக் செய்தார். லாக்கில் எழுதியதும் அதே வேலைக்குள்தான் இருந்தது. ஆகவே ரோல்பேக் அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. ஒவ்வொரு பிழையும் ஒழுங்காக எழுதப்பட்டு, எழுதப்பட்ட மறுகணமே அழிந்துகொண்டிருந்தது.

“நான் எழுதி வெச்சேன் காக்” என்றார். “எழுதி, நானே அழிச்சிருக்கேன்.”

“சரி. பச்சை டிக் ஏன்?”

அவர் தயங்கினார். “முன்னால சிவப்பு எர்ரர் வரும். நீளமா, எர்ரர் நம்பரோட. ஒரு பேஷண்டோட மகன் அதைப் படம் பிடிச்சுப் போட்டுட்டான், இந்த ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டரே வேலை செய்யலன்னு. அதுக்கப்புறம் பாஸ் சொன்னாரு, கவுண்டர்ல சிவப்பு வரக் கூடாது, எர்ரரை லாக்ல போடு, நாம மேல இருந்து பாத்துச் சரி பண்ணிக்கலாம்னு. அதான் எர்ரர் வந்தாலும் பச்சையே வர்ற மாதிரி மாத்துனேன்.”

அந்த உத்தரவையும் முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. லாக் வேலை செய்திருந்தால் நாங்கள் உடனே பார்த்திருப்போம். பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்பதால், எதுவும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

இன்னொன்றும் இருந்தது. வார்டுத் திரை, ஒவ்வாமைப் பதிவு காலியாக இருந்தால் ‘எதுவும் இல்லை’ என்று காட்டும்படி எழுதப்பட்டிருந்தது. கேட்டு, இல்லை என்று சொன்னவருக்கும் அதே வாசகம். நாங்கள் இன்னும் கேட்டே பார்க்காதவருக்கும் அதே வாசகம். மருத்துவர் அதை நம்பித்தான் ஊசி போடச் சொன்னார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

காதர் பாய்

என்சிக் ஃபௌசியை எங்கள் அறைக்கு அழைத்து வந்து அவர் கண்முன்னே மறுபடி செய்து காட்டினோம். பச்சை டிக், பதிவு இல்லை, லாக் காலி. “இன்னொரு தடவை” என்றார். செய்தோம். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“சிவப்பு வேண்டாம்னு சொன்னது நான்தான்” என்றார். வெய் கியோங் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “திலகாவை இன்னிக்கே வேலைக்குத் திரும்பக் கூப்பிடச் சொல்றேன்.”

“திலகா ஒரு ஆள் என்சிக்” என்றேன். “அந்தத் திரை வந்ததிலிருந்து இப்படி இன்னும் எத்தனை பேரோட ஒவ்வாமை காணாமப் போச்சுன்னு நமக்குத் தெரியாது.”

“கண்டுபிடிக்க முடியுமா?”

“முடியாது. அழிஞ்சதுக்கு அடையாளம் இல்லை. ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுத்தான் கேக்கணும்.”

மாலையில் இயக்குநரிடம் போனோம். அவர் அறுவை சிகிச்சை நிபுணர். கெட்டவர் அல்ல, ஆனால் மருத்துவமனையின் பெயர் கெட்டுவிடுமே என்ற கவலை அவருக்கு இருந்தது. நிரலைச் சரி செய்துவிடலாம், நோயாளிகள் அடுத்த முறை வரும்போது கேட்டுக்கொள்ளலாமே என்றார்.

என்சிக் ஃபௌசி குரலை உயர்த்தாத மனிதர். அன்றும் உயர்த்தவில்லை. “அடுத்த முறை அவங்க மயக்கத்துல வந்தா யாரைக் கேக்கறது டாக்டர்?” என்றார்.

இயக்குநர் தொலைபேசியை எடுத்து, இப்போது வார்டில் இருப்பவர்கள் எல்லாரையும் நேரில் போய்க் கேளுங்கள், அடுத்த வாரம் அறுவை சிகிச்சை உள்ளவர்களை நாளைக்கே கூப்பிடுங்கள், மற்றவர்களைப் பிறகு வரிசையாகக் கூப்பிடுங்கள் என்று உத்தரவு போட்டார்.

அந்த அழைப்புகளைத் தொடங்கும் முன் காதர் மைதீனிடம் சொல்ல வேண்டும் என்று என்சிக் ஃபௌசி முடிவு செய்தார். துணைக்கு என்னையும் அழைத்துப் போனார், தமிழில் விளக்குவதற்காக. காதர் மைதீன் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் இன்னும் வீக்கம் மிச்சமிருந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மன்னிப்பும் கேட்டோம்.

அவர் கிண்ணத்தை வைத்துவிட்டார். “அப்ப அந்த மிஸ்ஸி தட்டியிருக்கு.”

“தட்டியிருக்காங்க பாய். எங்க சிஸ்டம்தான் தொலைச்சிருச்சு.”

“நான் அது பேரைச் சொல்லி ஏசிட்டேனேம்மா. எம் மவன் புகார் வேற எழுதிக் கொடுத்துட்டான்.” எங்கள் மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். கோபம் பிறகு வந்தது, நியாயமாகவே வந்தது; அதை என்சிக் ஃபௌசி நின்று கேட்டுக்கொண்டார். ஆனால் முதலில் அவர் கேட்டது திலகாவின் தொலைபேசி எண்ணைத்தான். நான் என் போனில் அழைத்துக் கொடுத்தேன்.

“தங்கச்சி, நான் காம்பார் காதர் பேசறேன். கால்ல கட்டுப் போட்டு வுட்டியே, அந்த ஆளு” என்றார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். “இல்லம்மா, இல்லம்மா” என்று மட்டும் இரண்டொரு முறை சொன்னார். போனைத் திருப்பித் தரும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

அழைப்புகள்

பயிற்சி அறையில் தொலைபேசிகளை வரிசையாக வைத்தோம். மலாய், தமிழ், காண்டனீஸ் என்று மொழி வாரியாகத் தாதிகள் உட்கார்ந்தார்கள். திலகா அடுத்த நாளே வேலைக்கு வந்துவிட்டாள். இரண்டு நாள் ஓய்வெடுத்துக்கொள் என்று சொன்னதற்கு, “வீட்டுல உக்காந்தா அதேதான் நெனப்பு வரும்கா. எனக்கும் ஒரு போன் குடுங்க” என்றாள்.

ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான். உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா? இந்தக் கேள்விக்கு மக்கள் சொல்லும் பதில்கள் இருக்கின்றனவே! ஒரு பாட்டி, மருமகள் வைக்கும் சாம்பார் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஹுத்தான் மெலிந்தாங்கில் படகு வைத்திருக்கும் ஒருவர், தனக்கு எறால் ஆகாது என்பதைப் போன வருஷம்தான் கண்டுபிடித்ததாக வருத்தத்தோடு நீண்ட கதையே சொன்னார். அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு எங்களுக்குத் தேவையாகவும் இருந்தது.

ஆயர் தாவாரிலிருந்து ஒரு அம்மா. கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்கு அந்த வாரமே நாள் குறித்திருந்தது. திலகாதான் பேசினாள்.

“அம்மா, உங்களுக்கு ஏதும் மருந்து ஒத்துக்காதாம்மா?”

பதிலைக் கேட்டதும் அவள் பேனா நின்றுவிட்டது. ஸ்பீக்கரைப் போட்டாள். அந்த அம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. “அதான் போன தடவை வந்தப்பவே சொன்னேனே. பெனிசிலின் ஆகாது, சின்னப் புள்ளையில ஒருக்கா செத்துப் பொழச்சேன்னு. அந்தப் புள்ள தட்டிக்கிச்சே. மறுபடியும் ஏன் கேக்கறீங்க?”

திலகாவின் முன்னால் இருந்த திரையில் ‘ஒவ்வாமை எதுவும் இல்லை’ என்று இருந்தது.

“மறுபடி ஒருக்கா எழுதிக்கிறோம்மா. நல்லா எழுதிக்கிறோம்” என்றாள் திலகா. எழுதினாள். பதிவு உள்ளே போய்விட்டதா என்று என்னைப் பார்த்தாள். நான் அட்டவணையைத் திறந்து பார்த்து, தலையை ஆட்டினேன். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என்சிக் ஃபௌசி திரும்பி நடந்து போனார். இப்படி இன்னும் சிலர் கிடைத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாமல் முந்திக்கொண்டோம்.

பிறகு செய்த வேலைகளை இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டு வேலைக்கு இன்டெக்ஸ் போட்டு, சிறு சிறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் முடிந்தவுடன் கமிட் செய்து, அதாவது எழுதியதை உறுதி செய்து, பூட்டை விடும்படி மாற்றினேன். மந்தம் அன்றோடு போய்விட்டது. பொது லாகினை எடுத்துவிட்டு, பணியாளர் அட்டையைத் தட்டினால் உடனே திறக்கும்படி செய்தோம். வேகமாக இருந்ததால் யாரும் முணுமுணுக்கவில்லை. பிழை லாக்கை ரோல்பேக் தொட முடியாத தனி வேலையாக எழுதினார் வெய் கியோங். அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, தினமும் காலையில் நாங்களே வேண்டுமென்று ஒரு பிழையை அனுப்பிப் பார்ப்போம். கவுண்டரில் சிவப்பு திரும்பி வந்தது, ஆனால் எர்ரர் நம்பர் இல்லாமல்: ‘சேமிக்கப்படவில்லை. மறுபடி அழுத்தவும்.’ வார்டுத் திரையில் ‘இல்லை’ ஒன்று, ‘இன்னும் கேட்கவில்லை’ வேறொன்று என்று பிரித்தோம்.

வெய் கியோங் ராஜினாமா செய்ய வந்தார். என்சிக் ஃபௌசி ஒப்புக்கொள்ளவில்லை. “இந்தத் தப்பு எப்படி நடக்கும்னு நல்லாத் தெரிஞ்ச ஆளு நீதான். உன்னை அனுப்பிட்டு நான் யாரை வெச்சு வேலை பாக்கறது?” என்றார். வெய் கியோங் இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

திலகா அங்கே இல்லை. சில மாதம் கழித்து, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் வேலை கிடைத்தது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கடைசி நாளன்று எதிர்க் கடையில் இருவரும் உட்கார்ந்து, இழுத்து ஆற்றிய பால் டீயான தே தாரேக் குடித்தோம்.

“இன்னும் கோபமாம்மா?”

“கோபம்லாம் இல்லக்கா. எல்லாம் சரி பண்ணிட்டாங்க. மன்னிப்பும் கேட்டாங்க. ஆனா அந்த வாரம் முழுக்க, ‘நீ தட்டியிருப்ப திலகா’ன்னு ஒருத்தரும் சொல்லலக்கா. அந்த ஒரு வார்த்தை யாராச்சும் சொல்லியிருந்தா இங்கேயே இருந்திருப்பேன்.” கண்ணாடி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். “நீங்க ஒருத்தர்தான் வீடு தேடி வந்தீங்க. நீங்களும் கேள்விதான் கேட்டீங்க.”

நான் அவளை நம்பித்தான் அவ்வளவு தூரம் போனேன். ஆனால் நம்புகிறேன் என்று வாய் திறந்து சொல்லவில்லை. ஆதாரம் கிடைத்த பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். எங்கள் தொழிலில் அப்படிப் பழகிவிடுகிறது.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். யாராவது போன் செய்து, “அக்கா, நான் தட்டுனேன், இப்ப காணோம்” என்று சொன்னால், என் வாயில் முதலில் வருவது, “தட்டியிருப்பீங்க. எங்க போச்சுன்னு நான் பாக்கறேன்” என்பதுதான். சில சமயம் அவர்கள் தட்டியிருக்க மாட்டார்கள். பரவாயில்லை, அது தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். லாகின், லாக், ரோல்பேக் எல்லாம் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். போனை எடுத்ததும் இந்த ஒரு வரியை முதலில் சொல்லப் பழகுங்கள். சொல்லிவிட்டுத் தேடுங்கள்.